வலப்பக்கம் நான், இடப்பக்கம் மச்சான்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் லிப்ட் பழுதாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, என் மனைவியின் அண்ணன் எங்களுக்கு ஒரு பிரிட்ஜ் கொண்டுவந்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் அவன் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நாங்கள் கூட்டாளிகள். அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். வீட்டில் யாராவது "மச்சான்" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

மச்சான் கொட்டாஞ்சேனைக்காரன். கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்தில் சாமான் வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலையை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன். அவனுடைய மகள் குடும்பத்தோடு கனடா போனபோது தன்னுடைய பிரிட்ஜைத் தகப்பன் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அவன் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால், இது வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வந்த விருந்தாளிபோல நின்றுகொண்டிருந்தது. எங்கள் பிரிட்ஜ் செத்துப்போன செய்தி கேட்டதும் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

லொறிக்காரன் பிரிட்ஜைக் கீழே இறக்கினான். லிப்டில் தொங்கிய அறிவித்தலை வாசித்தான். "மேல ஏத்திறது பேசின கூலியில இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீடு நான்காம் மாடி.

கீழ்ப்பக்கத்தை மச்சான் பிடித்தான், மேற்பக்கத்தை நான் பிடித்தேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஓர் ஆலோசனை வந்தது. முதலாம் மாடியில், சரித்துத் தூக்கச் சொன்னார்கள். இரண்டாம் மாடியில், சரித்தால் காஸ் போய்விடும், நிமிர்த்தித் தூக்குங்கோ என்றார்கள். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் எங்களை நிறுத்தி வைத்து, எடை எந்தக் காலில் இறங்க வேண்டும் என்று விளக்கினார். அவர் விளக்கி முடிக்கும்வரை பிரிட்ஜ் எங்கள் கையில்தான் இருந்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் நிலத்தில் படுத்துவிட்டோம். மனைவி பிரிட்ஜைத் திறந்து பார்த்து, "முட்டை வைக்கிற தட்டைக் காணேல்லையே அண்ணா" என்றாள்.

சில கிழமைகள் கழிந்தன. எனக்கு வலது தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. படுத்தால் மறையும், இருமினால் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மனைவி செத்தல் மிளகாய் வறுத்தாள். கமறல் வீடு முழுக்கப் பரவியது. நானும் மச்சானும் இருமினோம். இருமிய அந்தக் கணத்தில் என் கை வலப்பக்கம் போனது, அவன் கை இடப்பக்கம் போனது.

மனைவி அகப்பையோடு குசினி வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் ஒரே இடத்தைப் பிடிக்கிறியள்?"

அப்படித்தான் எங்கள் இருவருக்கும் ஹேர்னியா, அதாவது குடலிறக்கம், என்று தெரியவந்தது. ஒரே பிரிட்ஜ், ஒரே நாள்.

சாப்பாடு முடியுமுன் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. என் ஒபிஸில் எங்களுக்கு மருத்துவக் காப்புறுதி உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதற்கான பிளாஸ்டிக் அட்டையைப் பல வருடமாகப் பணப்பையில் வைத்திருந்தேன். ஒரு தடவைகூடப் பாவித்ததில்லை. பாவிக்கக் கிடைக்காத ஒரு பொருளுக்குக் காசு கட்டுகிறோம் என்ற மனக்குறை எனக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீக்கம் ஹேர்னியா என்று தெரிந்ததும் எனக்குள் கொஞ்சம் மகிழ்ச்சிகூட எட்டிப் பார்த்தது.

"நான் பிரைவேட்டில செய்யப்போறன். ஏசி ரூம், டிவி எல்லாம் இருக்கு. அடுத்த கிழமையே முடிஞ்சிடும்" என்றேன்.

"நான் கவண்மேந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போவன்" என்றான் மச்சான். "தேத்தூள் வாங்கினாலும் வரி கட்டுறன். சவுக்காரம் வாங்கினாலும் வரி கட்டுறன். அதெல்லாம் எங்க போகுது? அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். அது என்ர ஆஸ்பத்திரி."

"உனக்கு டேட் தாறதுக்குள்ள குடல் வெளிய வந்திடும்."

"வரட்டும். வந்தா உள்ள தள்ளிவிடுவன்."

அடுத்த நாளே நான் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணினேன். கொழும்பில் இதற்குக் காசு கட்டி நம்பர் எடுத்து, பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் போய்க் காத்திருப்பதென்று பொருள். கதிரைகள் மெத்தை வைத்தவை. மர வாங்கில் காத்திருப்பதைவிட அது சுகமா என்று கேட்டால், முதல் ஒரு மணித்தியாலம் சுகம்தான். டொக்டர் கறுப்புக் கண்ணாடிச் சட்டம் போட்டவர், யாழ்ப்பாணத்துக்காரர், கதைக்கும்போது மூக்கு நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நான் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கோ?" எங்கே நோகிறது என்பது இரண்டாவது. இருமச் சொன்னார், இருமினேன். "ஹேர்னியா" என்றார். காப்புறுதி இருந்ததால் நெஞ்சுப் படம், இருதயப் படம், வயிற்றுப் படம், இரத்தம், சிறுநீர் எல்லாவற்றுக்கும் எழுதித் தந்தார். ஹேர்னியா ஒன்றைத் தவிர என் உடம்பில் எல்லாம் திறமாக இருக்கிறதென்று அந்தப் படங்கள் சொல்லின.

அதே கிழமை மச்சான் விடியவே போய் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் வரிசையில் நின்றான். மத்தியானம் எனக்குப் போன் எடுத்தான். "பாத்திட்டார். இருமச் சொன்னார், இருமினன். டேட் போட்டிருக்கு." நாலு மாதம் தள்ளித் திகதி கொடுத்திருந்தார்கள். நான் சிரித்தேன். "ஆள் எப்பிடி?" என்று கேட்டேன். "நல்ல மனுசன். கறுப்புக் கண்ணாடி. அடிக்கடி மூக்கைத் தொடுறார்."

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

இனி என் பக்கத்தில் பாக்கி ஒன்றே ஒன்று. காப்புறுதிக் கம்பனி முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும். போன் எடுத்தேன். மிகவும் பண்பான ஒரு பெண்பிள்ளை கதைத்தாள்.

"சேர், உங்களுக்கு இது எப்ப, எப்பிடி வந்தது?"

"பிரிட்ஜ் தூக்கினதில வந்தது."

அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாள்.

"அப்ப இது விபத்து சேர். நோய் இல்லை. விபத்தெண்டா வேற பிரிவு. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒண்டு வேணும்."

"பிள்ளை, ஒருத்தரும் என்னை அடிக்கேல்லை. நான்தான் பிரிட்ஜைத் தூக்கினன்."

"நீங்க சொல்றது விளங்குது சேர். ஆனா சிஸ்டத்தில பொலிஸ் பிரதி இல்லாம அடுத்த பக்கம் போகாது."

பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் கதையைச் சிங்களத்தில் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பிரிட்ஜ் என் மேல் விழுந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். களவெடுத்த பிரிட்ஜா? இல்லை. யாராவது என்னைத் தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்களா? மனைவியை நினைத்தேன், இல்லை என்றேன்.

"அப்படியென்றால் யாருக்கு எதிராக முறைப்பாடு, மாத்தயா?"

"ஒருவருக்கும் எதிராக இல்லை. இன்சூரன்ஸுக்கு வேண்டும்."

ஒருவருக்கும் எதிராக இல்லாமல் முறைப்பாடு எழுத முடியாது என்று விளக்கினார். எழுதும் இடத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டுமாம். அவர் நல்ல மனிதர், எனக்கு உதவ விரும்பினார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். பிறகு, ஏன் படியால் ஏற்றினீர்கள் என்று கேட்டார். லிப்ட் பழுது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படியே எழுதினார். முறைப்பாடு எங்கள் அடுக்குமாடி லிப்டுக்கு எதிராகப் பதிவானது.

இரண்டு நாள் கழித்து அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் செயலாளர் எங்கள் கதவைத் தட்டினார். அவரைப் பொலிஸ் நிலையத்துக்கு விளங்கப்படுத்தக் கூப்பிட்டிருந்தார்கள். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், வாழ்நாளில் பொலிஸ் வாசல் மிதித்ததில்லை.

"உங்கட ஹேர்னியாவுக்கு நான் பொறுப்போ? நான் உங்களைத் தூக்கச் சொன்னனானோ? நான் சரிக்க வேண்டாம் எண்டுதானே சொன்னனான்!"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டாம் மாடியில் காஸ் போய்விடும் என்றவர் அவர்தான். மன்னிப்புக் கேட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடிக்காமல் போனார். அந்த மாதம் முழுக்கப் படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

பொலிஸ் பிரதியைக் காப்புறுதிக்கு அனுப்பினேன். கிழமைக்கணக்கில் சத்தமே இல்லை. பிறகு அதே பண்பான குரல் வந்தது. "சேர், விபத்து நடந்த உடன நீங்க டொக்டரிட்டப் போகேல்லை. ஆனபடியா இதை விபத்தா எடுக்கேலாதாம். நோயாத்தான் எடுக்கலாம். நோயெண்டா முதலே இருந்ததா இல்லையா எண்டு டொக்டரிட்ட ஒரு கடிதம் வேணும்." கடிதத்துக்காக மறுபடி சனல் பண்ணினேன். டொக்டர் மூக்கைத் தொட்டபடி எழுதித் தந்தார். கடிதம் வாங்கப் போனதற்கான காசு காப்புறுதியில் சேராது. ஏனென்றால், நான் அன்று ஆஸ்பத்திரியில் தங்கவில்லை. ஒப்பரேஷனுக்குக் கூட ஓர் இரவு தங்கினால்தான் தருவார்கள். "நீங்கள் அண்டைக்கே வீட்டை போகலாம், ஆனா போகாதேங்கோ" என்று டொக்டரே சொன்னார்.

கடைசியில் சம்மதம் வந்து திகதி குறித்தபோது, நாலு மாதம் ஓடிவிட்டிருந்தது. என் ஒப்பரேஷன் எந்த நாளோ அதே நாள் காலையில் மச்சானுக்கும் ஒப்பரேஷன். மனைவி கலண்டரைப் பார்த்தாள். "எனக்கு அண்ணாவும் வேணும், நீங்களும் வேணும். நான் எங்க நிக்கிறது?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு இரண்டு மருத்துவ முறைகளிலும் பதில் இல்லை. காலையில் அங்கே நின்று, மத்தியானம் ஓட்டோ பிடித்து இங்கே வந்தாள்.

என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோய் முள்ளந்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே எல்லாம் தெளிவு. டொக்டர் வந்து நின்று வேலையைத் தொடங்கினார். தொடங்கிக்கொண்டே கதைத்தார்.

"காலமையும் அங்க ஒருத்தருக்கு இதே ஒப்பரேஷன் செய்திட்டு வாறன். அவரும் பிரிட்ஜ் தூக்கினவராம். என்ன இது, கொழும்பில எல்லாரும் பிரிட்ஜ் தூக்கீனமோ?"

"அதே பிரிட்ஜ்தான் டொக்டர்" என்றேன். "அவர் கீழ்ப்பக்கம், நான் மேற்பக்கம்."

அவர் கை நின்றது. பிறகு அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மயக்க மருந்து தருபவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்திரசிகிச்சை செய்கிற மனிதர் தோள் குலுங்கச் சிரிப்பதை மேலே இருந்த விளக்கின் வட்டக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது அவ்வளவு நல்ல அனுபவம் இல்லை.

ஒப்பரேஷன் நன்றாகவே முடிந்தது. அறையும் நன்றாகவே இருந்தது. டிவி, சோபா, சாப்பாட்டு அட்டவணை, யன்னலுக்கு வெளியே கடல். ஒரே ஒரு குறை, மனைவி வீட்டுக்குப் போனபிறகு கதைக்க ஆள் இல்லை. தாதிமார் வந்து புன்னகைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு புது வெப்பமானி கொண்டுவந்து காய்ச்சல் பார்த்தார்கள். பிறகு அதைப் பெட்டியோடு என்னிடமே கொடுத்தார்கள், எனக்கு விற்றாயிற்றாம்.

அடுத்த நாள் காலை டொக்டர் வந்து, "வீட்டை போகலாம்" என்றார். உடுப்பு மாற்றித் தலை சீவிக் கட்டிலில் குந்திக்கொண்டேன். போக முடியவில்லை. கடைசிப் பில்லுக்குக் காப்புறுதி சம்மதம் சொன்னால்தான் விடுவார்கள். பத்து மணிக்குக் கேட்டேன், இன்னும் வரவில்லை. மத்தியானம் கேட்டேன், இன்னும் வரவில்லை. ஒரு குறிப்பிட்ட நேரம் தாண்டினால் இன்னொரு நாள் அறை வாடகை ஏறும். ஏறினால் பில் மாறும். பில் மாறினால் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும். அந்தச் சம்மதம் வரும்வரை நான் தங்க வேண்டும். கணக்காளர் இதை எனக்கு விளக்கியபோது அவருக்கே வியப்பாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பின்னேரம் கதவு திறந்தது. மச்சான் சாரம் கட்டிக்கொண்டு நின்றான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"நீ எப்பிடி இஞ்ச?"

"என்னைக் காலமையே விட்டிட்டாங்கள். கட்டில் வேணுமாம். நீ ஏன் இன்னும் இருக்கிறாய்? ஏதும் பிழைச்சுப் போச்சோ?"

முதல் நாள் ஒப்பரேஷன் செய்துகொண்ட மனிதன், முதல் நாள் ஒப்பரேஷன் செய்துகொண்ட என்னைப் பார்க்க ஓட்டோவில் வந்திருக்கிறான். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். குளியலறையைத் திறந்து பார்த்தான். சோபாவில் இருக்கப் பார்த்தான், காயம் நொந்தது. "கொஞ்சம் சரிஞ்சு கிடக்கிறன்" என்று என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். நான் கீழே காசாளரிடம் ஒரு தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன்.

அதற்குப் பிறகு மேலே நடந்ததை மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாதிமாரின் நேரமுறை மாறியிருக்கிறது. புதிதாக வந்த தாதி உள்ளே வந்து, "அங்கிள், காயத்தைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவனிடம் வார்டில் ஒருவரும் இப்படி அனுமதி கேட்டதில்லை. விருந்தாளிக்கும் காயம் பார்க்கிறார்கள், இதுதானாக்கும் பிரைவேட் என்று நினைத்து, "பாருங்கோ பிள்ளை" என்றிருக்கிறான். அவள் பழைய கட்டைப் பிரித்தாள், துடைத்தாள், புதுக் கட்டுப் போட்டாள். பிறகு கட்டிலில் தொங்கிய என் நோயாளி அட்டையைப் பார்த்தாள். அட்டையில் வலப்பக்கம் என்று இருந்தது. காயம் இடப்பக்கம் இருந்தது.

அவள் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் தலைமைத் தாதி வந்தார். அவரும் அட்டையைப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார், வெளியே போனார். பிறகு கழுத்துப்பட்டி கட்டிய ஒரு முகாமையாளர் வந்தார். அவரோடு இன்னும் சில பேர், அவர்களோடு ஒரு தட்டில் சூப்பும் வந்தது. கீழே காரியம் எதுவும் ஆகாமல் நான் மேலே ஏறி வந்தபோது, என் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் மச்சான் தலையணைகளில் சாய்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

முகாமையாளர் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். "சேருக்கு முதல்ல எந்தப் பக்கம் வீக்கம் இருந்தது?"

"இடப்பக்கம்."

"தொடக்கத்திலயே இடப்பக்கமா?"

"ஓம், தொடக்கத்திலயே."

முகாமையாளரின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. அருகில் நின்றவரிடம், "ஒப்பரேஷன் சரி" என்றார். உடனே மறுபடி முகம் வெளிறியது. "அப்ப பேப்பர் எல்லாம் பிழை. இன்சூரன்ஸ் வலப்பக்கத்துக்குத்தானே சம்மதம் தந்திருக்கு!"

"என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"நீங்க யார் சேர்?"

"நான்தான் நோயாளி."

"அப்ப இவர்?"

"இவரும் நோயாளிதான். ஆனா உங்கட நோயாளி இல்லை."

சொல்லி விளங்கவில்லை. கடைசியில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நான் என் காயத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. மச்சானும் கட்டிலில் இருந்து இறங்கி என் பக்கத்தில் நின்று தன்னுடையதைக் காட்டினான். வலம் ஒன்று, இடம் ஒன்று. முதலில் வந்த தாதி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். தலைமைத் தாதி மட்டும் குனிந்து இரண்டையும் நெருங்கிப் பார்த்து, "தைச்சது ஒரே கைதான்" என்றார். பின்னேரச் சனலுக்கு வந்த டொக்டரை யாரோ கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். பிழையான பக்கம் வெட்டிவிட்டார் என்ற செய்தி அவருக்கு எட்டியிருக்க வேண்டும், வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். மச்சானைக் கண்டதும் சுவரோடு சாய்ந்தார்.

"ஐயா, நீர் ஏன் இஞ்ச நிக்கிறீர்? நீர் என்ர அங்கத்தைய ஆஸ்பத்திரி ஆள்!"

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. முகாமையாளரே காப்புறுதிக்குப் போன் எடுத்தார். காலை முழுக்க வராத சம்மதம், நான் சப்பாத்து மாட்டி முடிப்பதற்குள் வந்துவிட்டது. எங்கள் இருவரையும் ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியும் என்று மச்சான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

பில்லை வீட்டில் மேசையில் விரித்து வைத்து நாங்கள் மூன்று பேரும் படித்தோம். ஹேர்னியாவுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வலைத்துண்டு ஒன்று உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த நேரம் அது கையிருப்பில் இல்லாததால், மச்சான் எதிரே இருந்த பாமசியில் தன் காசுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். அதே கம்பனி வலை என் பில்லிலும் இருந்தது, விலைதான் வேறு. என் பில்லில் இருந்த காசுக்கு, அவன் வாங்கிய விலையில் ஒரு சாக்கு வலை வாங்கலாம் போலிருந்தது. காப்புறுதி கொடுக்க மறுத்தவற்றில் வெப்பமானி இருந்தது. கையுறைகள் இருந்தன. காயத்துக்கு இரண்டாம் தடவை கட்டுப் போட்டதும் இருந்தது, ஒரே நாளில் இரண்டு கட்டுத் தேவையில்லையாம். அது மச்சானுக்குப் போட்ட கட்டு. அந்தக் காசை நான்தான் கட்டினேன்.

"அப்ப எனக்கும் பிரைவேட்டில வைத்தியம் நடந்திருக்கு" என்றான் மச்சான்.

மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "அங்க எப்பிடி அண்ணா இருந்தது? நான் நிண்ட நேரம் ஒரே சனமா இருந்தது" என்று கேட்டாள்.

அவனுக்குக் கட்டில் கிடைத்ததாம். அவன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு இரத்மலானையில் இருந்து வந்த ஒரு மனிதர் படுத்திருந்தாராம். அவருக்கும் ஒப்பரேஷன் முடிந்திருந்தது. விடிந்ததும் அந்த மனிதர்தான் எழும்பிப் போய் இவனுக்கு பிளேன்டீ வாங்கிவந்து தந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர். அவருக்கு வேண்டிய ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. மகள்காரி மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாமசி பாமசியாக ஓடினாள். வார்டில் இருந்த ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள், மச்சானும் போட்டான். மருந்து கிடைத்ததா என்று தெரியுமுன் இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அங்க ஒருத்தரும் காசு கேக்க மாட்டாங்கள் மச்சான்" என்றான். "ஆனா இல்லையெண்டா இல்லைதான். அந்தப் பிள்ளை ஓடின ஓட்டத்தை நீ பாத்திருக்க வேணும்."

அதற்கு மேல் அவன் தன்னுடைய ஆஸ்பத்திரி என்று பெருமை கதைக்கவில்லை. நானும் ஏசி அறையைப் பற்றிக் கதைக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியதும், ஒபிஸில் காப்புறுதி விஷயங்களைப் பார்க்கும் பெண்பிள்ளையிடம் போய்க் குறைப்பட்டேன். அவள் காப்புறுதித் திட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். "நீங்க கவண்மேந்து ஆஸ்பத்திரியில நிண்டிருந்தா ஒவ்வொரு இரவுக்கும் உங்களுக்குக் காசு தந்திருப்பாங்களே" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் இலவச ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பனிக்கு லாபமாம். அந்த லாபத்தில் கொஞ்சத்தை எனக்குத் தருவார்களாம். இதை மச்சானிடம் போனில் சொன்னேன்.

"அப்ப நான் படுத்த கட்டில்ல நீ படுத்திருந்தா உனக்குச் சம்பளம்?"

"ஓம்."

"கீழ, பாயில படுத்தா?"

"அதைக் கேக்கேல்லை."

பத்து நாளில் காயத்தை ஒரு தடவை காட்ட வேண்டும். தனியாரில் காட்டினால் அதுவும் சனல், அதுவும் காப்புறுதியில் சேராது. "வா, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றான் மச்சான். அவன் குரலில் ஊர் சுற்றிக் காட்டுபவனின் பெருமை இருந்தது. டொக்டர் குறிப்பெழுத ஒரு கிளினிக் கொப்பி வேண்டும் என்றான். அரசாங்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையில் பள்ளிக்கூடக் கொப்பிதான் இருந்தது, அட்டையில் கிரிக்கெட் மட்டையோடு ஒரு கரடிக்குட்டி. வாங்கினேன். உள்ளே மர வாங்கில் நெருங்கி உட்கார்ந்தோம். என் பக்கத்தில் இருந்த அம்மா, பேலியகொடையில் மீன் வாங்கிக் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் விற்பவராம், கால் வீங்கியிருந்தது. எனக்கு என்ன வருத்தம், எங்கே வெட்டினார்கள் என்று விபரமாக விசாரித்தார். நான் சொன்னேன். முன் வாங்கு முழுவதும் திரும்பிக் கேட்டது.

டொக்டர் எங்கள் இருவரையும் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். அவரைச் சுற்றி மருத்துவ மாணவர்கள் நின்றார்கள். எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார். என்னைத் தனியாரில் பார்த்ததைவிட இங்கே கூடுதல் நேரம் பார்த்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அழுத்தினார்கள், இருமச் சொன்னார்கள், நாங்கள் சேர்ந்து இருமினோம். இரண்டு காயங்களுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று அவர்களைக் கேட்டார். கண்ணாடி போட்ட ஒரு மாணவி நெடுநேரம் பார்த்துவிட்டு, இடப்பக்கக் காயம் கொஞ்சம் நன்றாக ஆறியிருக்கிறது என்றாள். மச்சான் படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வெளியே வந்தபோது எழுதுவினைஞர் என் கொப்பியைத் திருப்பித் தந்து, அட்டையை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். பெயர், வகுப்பு, பாடம் என்று மூன்று கோடுகள் இருந்தன. மச்சான் பேனாவை வாங்கிக்கொண்டான். பெயரில் என் பெயரை எழுதினான். பாடத்தில் "ஹேர்னியா, வலது" என்று எழுதினான். வகுப்பு என்ற கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு, முதலாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது.